78 அங்குலத்துக்கு ஒரு சுற்று: ஒரு துப்பாக்கி மரையும் 1857-உம்

1/ மக்களே, இன்னைக்கு ஒரு வரலாற்று த்ரெட். துப்பாக்கிக் குழலுக்குள்ள இருக்கற 'த்ரெட்' பத்தின த்ரெட். டாக்டருக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பீங்க. முடியறப்போ மருத்துவத்துக்குத்தான் வந்து சேரும், கொஞ்சம் பொறுமையா வாங்க.

1857ல தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவினதா சொல்லி சிப்பாய்கள் கிளர்ச்சி செய்தாங்கன்னு எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். ஆனா ஒரு தோட்டாவுக்கு எதுக்குக் கொழுப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் துப்பாக்கிக் குழலுக்குள்ள இருக்கு.

2/ கும்மிடிப்பூண்டி சிப்காட்ல லேத்ல வேலை பார்க்கிற எந்தத் தம்பிகிட்டயும் 'பிட்ச்'னா என்னன்னு கேளுங்க, உடனே சொல்வார். ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்று சுத்தினா எவ்வளவு தூரம் முன்னாடி நகருமோ அதுதான் பிட்ச். போல்ட்டுல அது ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

பழைய ரைபிள் குழலுக்குள்ளயும் இதே மாதிரி மரை உண்டு. அதன் பிட்ச் மட்டும் அடிக்கணக்கில் நீளும். மிக மெதுவா வளைஞ்சு போகும் சில பள்ளங்கள், அவ்வளவுதான். 'இத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று'ன்னு அதைக் கணக்கு சொல்வாங்க. அந்த ஒரு எண்ணுக்குப் பின்னாடிதான் நம்ம கதை.

3/ முதல்ல, மரை இல்லாத காலம்.

1780 ஆகஸ்ட் கடைசி. குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி தலைமையில் ஒரு கம்பெனிப் படை தெற்கே வந்தது. வந்த வழி நம்ம கும்மிடிப்பூண்டி. அடுத்து கொசஸ்தலை ஆற்றங்கரையில் முகாம். ராத்திரியோட ராத்திரியா ஆத்துல வெள்ளம். கடக்க முடியாம செப்டம்பர் முதல் வாரம் வரை அக்கரையிலேயே மாட்டிக்கிட்டாங்க. செப்டம்பர் 10 அன்னைக்குப் பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு படைகள் அவங்களை முழுசா நொறுக்கின.

4/ அந்தப் படையின் கையில் இருந்தது 'பிரவுன் பெஸ்' வகை மஸ்கட். குழல் உள்ளே வழுவழுன்னு இருக்கும். குழலின் விட்டம் முக்கால் அங்குலம். உள்ளே போடற ஈயக்குண்டு அதைவிடச் சின்னது, ஏறத்தாழ 0.69 அங்குலம். வேணும்னேதான் அந்த இடைவெளி. அப்பத்தான் முன்வாய் வழியா சீக்கிரமா உள்ளே தள்ள முடியும்.

ஆனா சுடும்போது குண்டு குழலுக்குள்ள இப்படியும் அப்படியும் முட்டி மோதிக்கிட்டு வரும். கடைசியா எந்தப் பக்கம் முட்டுச்சோ அதைப் பொறுத்து வெளியே வந்ததும் அதன் போக்கு மாறும். நூறு கஜத்துக்கு அப்பால ஒரு ஆளைக் குறிவெச்சு அடிக்கிறது அதிர்ஷ்டம் சார்ந்த விஷயம். அதனாலதான் நூறு பேர் வரிசையா நின்னு ஒரே நேரத்துல சுட்டாங்க.

5/ குண்டைச் சுத்த விட்டா நேரா போகும்னு ஐரோப்பாவில் நூற்றாண்டுகளா தெரியும். பம்பரம் சுத்தறவரைக்கும் விழாம நிக்குது இல்லையா, அதே சங்கதி. சுழல்கிற பொருள் தன் அச்சை விட்டுக்கொடுக்காது. குழலுக்குள்ள மரை வெட்டினா குண்டு அந்த மரையைப் பிடிச்சுக்கிட்டு சுழன்றபடி வெளியே வரும்.

பிறகு ஏன் எல்லாச் சிப்பாய்க்கும் ரைபிள் கொடுக்கல? காரணம் கரிமருந்து.

6/ கரிமருந்துன்னா வெடியுப்பு சுமார் 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. இது எரிஞ்சா முழுசா வாயுவா மாறாது. எடையில் பாதிக்கும் மேல திடக் கசடா நிக்கும். அதில் கொஞ்சம் புகையா போகும், மிச்சம் குழல் சுவரில் பிசுபிசுன்னு ஒட்டும், காஞ்சா கெட்டியாகும்.

மரையைப் பிடிக்கணும்னா குண்டு இறுக்கமா இருக்கணும். இறுக்கமான குண்டைக் கசடு படிஞ்ச குழலில் முன்வாய் வழியா இறக்கணும். பத்துப் பதினைந்து தடவை சுட்டதும் குண்டை உள்ளே தள்ளவே மல்லுக்கட்டணும். எதிரி ஓடி வரும்போது அதுக்கு நேரம் ஏது?

7/ 1800ல் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைபிளில் 120 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழல் நீளமே 30 அங்குலம்தான், ஆக குண்டு கால் சுற்றுதான் சுத்தும். 1830-களின் கடைசியில் வந்த பிரன்ஸ்விக் ரைபிளில் 30 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. ரெண்டே ரெண்டு ஆழமான பள்ளம். அதில் பொருந்துற மாதிரி இடுப்பில் ஒட்டியாணம் கட்டின உருண்டைக் குண்டு.

யோசனை நல்லாத்தான் இருந்தது. ஆனா கசடு சேர்ந்ததும் அந்த ஒட்டியாணத்தைப் பள்ளத்தில் பொருத்தி இறக்குறது பெரும்பாடு. கம்பெனிப் படைகளில் சில ரைபிள் பிரிவுகளுக்கு இதைக் கொடுத்தாங்க, மத்தவங்களுக்கு வழக்கம்போல வழுவழுக் குழல்தான்.

8/ இந்தச் சிக்கலைத் தீர்க்கிற கதையில நம்ம தென்னிந்தியா ஒரு ஓரத்துல வருது. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

ஜான் நார்டன்னு ஒரு பிரிட்டிஷ் கேப்டன், 34ஆம் ரெஜிமெண்ட். அவர் தென்னிந்தியாவில் இருந்தப்போ இங்க உள்ளவங்க வாயால் ஊதி அம்பு எய்யும் குழலைக் கவனிச்சார்னு பதிவு இருக்கு. அந்தச் சின்ன அம்பின் அடியில் மெத்துன்னு தக்கை மாதிரி ஒரு பொருள். ஊதினதும் காத்தோட அழுத்தத்தில் அது விரிஞ்சு குழல் சுவரை அடைச்சுக்கும். காத்து வீணாகாது, மொத்த ஊதலும் அம்பைத் தள்ளும்.

9/ இதையே ஈயத்தில் செஞ்சா? அடிப்பக்கம் குடைவா உள்ள, நீள உருளை வடிவக் குண்டு. உள்ளே போடும்போது தளர்வா சறுக்கிக்கிட்டு போகும். மருந்து வெடிச்சதும் வாயுவின் அழுத்தத்தில் அடிப்பக்கம் விரிஞ்சு மரையைக் கவ்வும். போடுறது சுலபம், வெளியே வரும்போது சுழற்சி. ரெண்டும் ஒண்ணா கிடைச்சுது.

நார்டனின் குண்டை பிரிட்டிஷ் அதிகாரிகள் ஏத்துக்கல. 1840-களின் கடைசியில் பிரான்சில் மினியே என்ற அதிகாரி இதே தத்துவத்தில் செய்த குண்டுதான் உலகம் முழுக்கப் பரவிச்சு. பிறகு பிரிட்டனும் அந்த வழிக்கே வந்தது.

10/ அப்படி வந்ததுதான் 1853ஆம் ஆண்டு மாடல் என்ஃபீல்டு ரைபிள். குழல் விட்டம் 0.577 அங்குலம், நீளம் 39 அங்குலம், மூணு பள்ளங்கள். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதாவது குண்டு குழலை விட்டு வெளியே வர்றதுக்குள்ள சரியா அரைச் சுற்று.

குண்டு எடை 530 கிரெய்ன், கிட்டத்தட்ட 34 கிராம். மருந்து சுமார் நாலரை கிராம். குறிபார்க்கும் தகட்டில் 900 கஜம் வரை அளவு பொறிச்சிருந்தது. பழைய மஸ்கட்டோட நூறு கஜத்தை நினைச்சுப் பாருங்க.

11/ பேக்கரில் 120, பிரன்ஸ்விக்கில் 30. பிறகு ஏன் 78? வேகமா சுத்த விட்டா இன்னும் நல்லதுதானே?

இல்லைங்க. குண்டு அதன் தடிமனைவிட எவ்வளவு நீளமோ அவ்வளவு சுழற்சி தேவை. குட்டையான பம்பரம் சுலபமா நிக்கும், ஒல்லியா உயரமா இருந்தா வேகமா சுத்தினாத்தான் நிக்கும். என்ஃபீல்டு குண்டு தடியும் குட்டையுமா இருந்ததால் மெதுவான மரையே போதும். மரையை ரொம்ப முறுக்கிட்டா மென்மையான ஈயம் பள்ளத்தில் திரும்பாம வழுக்கி நேரா பிய்ச்சுக்கிட்டு வந்துடும். மருந்தோட டோஸ் மாதிரிதான். குறைஞ்சாலும் வேலை செய்யாது, கூடினாலும் கெடுதல்.

12/ 'அரைச் சுற்றுதானே'ன்னு குறைச்சு எடைபோடாதீங்க. வினாடிக்கு சுமார் 900 அடி வேகம்னு வெச்சுக்குங்க. 78 அங்குலம்னா ஆறரை அடி. ஆக வினாடிக்கு சுமார் 138 சுற்று, நிமிஷத்துக்கு 8,000-க்கும் மேல! ரத்தப் பரிசோதனைக்கு லேப்ல ரத்தத்தைப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 3,000 சுற்று அளவில்தான் ஓடும்.

13/ இப்ப கொழுப்புக்கு வருவோம்.

குண்டு தளர்வா இருந்தாலும் கசடு கசடுதான். அதனால என்ஃபீல்டு குண்டைக் காகிதத்தில் சுத்தி, அந்தக் காகிதத்தின் மேல் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவினாங்க. கொழுப்பு கசடை இளக்கும், குண்டைச் சறுக்க வைக்கும். அது இல்லைன்னா கொஞ்ச நேரத்துலயே ரைபிள் அடைச்சுக்கும்.

அதாவது மரை வந்ததால இறுக்கம் தேவைப்பட்டது. இறுக்கம் வந்ததால வழுவழுப்பு தேவைப்பட்டது. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணை மாத்தியே ஆகணும். இரும்பு, ஈயம், காகிதம், கொழுப்பு வரைக்கும் இந்தச் சங்கிலியை ரொம்ப நுணுக்கமா யோசிச்சிருந்தாங்க. அதுக்கு அடுத்த கண்ணி சிப்பாயின் வாய்.

14/ தோட்டான்னா அன்னைக்கு ஒரு காகிதப் பொட்டலம். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் குண்டு. மருந்துப் பக்கத்தைப் பல்லால் கடிச்சுக் கிழிக்கணும், மருந்தைக் குழலில் கொட்டணும், பொட்டலத்தைத் திருப்பிக் குண்டுப் பக்கத்தை உள்ளே செருகி மிச்சக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, கம்பியால் இடிச்சு இறக்கணும். இதுதான் பயிற்சி முறை.

கொழுப்பு இருந்தது குண்டுப் பக்கம், கடிச்சது மருந்துப் பக்கம். இங்கிலாந்தில் உட்கார்ந்து பார்த்தா பிரச்சனையே தெரியாது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல, கட்டா அடுக்கி தோல் பையில் போட்டு வெச்சா அந்தக் கொழுப்பு ஒரே பக்கமா நிக்குமா?

15/ ஒரு மருத்துவரா என்னை உறுத்துற இடம் இது.

1853லேயே கொழுப்பு தடவின தோட்டாக்களை இந்தியாவுக்கு அனுப்பினாங்க. எதுக்கு? நம்ம வெயிலில் அந்தக் கலவை தாங்குதான்னு சோதிக்க. சிப்பாய்களின் பையிலேயே போட்டுச் சுமக்க வெச்சுப் பார்த்தாங்க.

அந்த வருஷமே வங்காளப் படையின் தலைமை நிர்வாக அதிகாரியா இருந்த கர்னல் டக்கர் எழுத்துல எச்சரிச்சார்: இந்தக் கொழுப்பு சிப்பாய்களின் சாதி, மத உணர்வைப் புண்படுத்தாதுன்னு உறுதியா தெரியாதவரைக்கும் ஐரோப்பியப் படைக்கு மட்டும் கொடுங்கன்னு. அந்தக் கடிதத்தின் மேல உருப்படியா எதுவும் நடக்கல.

கொழுப்பு உருகுதான்னு சோதிச்சவங்க, அதைக் கையில் வாங்கப்போறவர் என்ன நினைப்பார்னு கேட்கவே இல்லை.

16/ 1857 ஜனவரி, கல்கத்தா பக்கத்துல டம்டம். ரைபிள் பயிற்சி நடந்த இடம், தோட்டா செய்த இடமும் அதுதான். அங்க ஒரு பிராமணச் சிப்பாய்கிட்ட ஒரு தொழிலாளி குடிக்கத் தண்ணி கேட்டாராம். சிப்பாய் சாதி சொல்லி மறுத்தார். "சீக்கிரம் மாட்டுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் கடிக்கப் போறீங்க, அப்ப உங்க சாதி எங்க இருக்கும்?"ங்கற மாதிரி அந்தத் தொழிலாளி திருப்பிக் கேட்டார்னு அன்றைய அதிகாரிகளின் அறிக்கையிலேயே இருக்கு.

தண்ணீர் மறுக்கப்பட்ட ஒருத்தர் சொன்ன அந்த வார்த்தையில் எவ்வளவு வலி இருந்திருக்கும்னும் யோசிச்சுப் பாருங்க.

17/ அரசு விசாரிச்சது. ஒப்பந்ததாரர் கொடுத்த கொழுப்பு எந்த மிருகத்தோடதுன்னு யாருமே உறுதிப்படுத்திக்கலைங்கறது வெளியே வந்தது. 'அப்படி எதுவும் இல்லை'ன்னு அடிச்சுச் சொல்ல முடியாத நிலை.

உடனே மாற்றங்கள். சிப்பாய்கள் தாங்களே கொழுப்பையோ எண்ணெயையோ தேர்ந்து தடவிக்கலாம்னாங்க. பிறகு பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிச்சாப் போதும்னாங்க. ஆனா அதுக்குள்ள சந்தேகம் காகிதத்துக்குத் தாவிடுச்சு. காகிதம் ஏன் பளபளன்னு இருக்கு, அதுலயும் கொழுப்பா? 'மறைக்க ஒண்ணும் இல்லைன்னா ஏன் இவ்வளவு அவசரமா மாத்தறாங்க?'ன்னு ஒவ்வொரு சலுகையும் சந்தேகத்தைத்தான் வளர்த்தது.

18/ மார்ச் 29 பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24 மீரட்டில் 3ஆம் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தாங்க. இதுல வேதனை என்னன்னா, அன்னைக்குக் கொடுத்தது புதுத் தோட்டாவே இல்லை. வழக்கமான பழைய தோட்டா. உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லாத கட்டம் வந்துடுச்சு.

மே 9 அன்னைக்கு எல்லார் முன்னிலையிலும் அவங்களுக்கு விலங்கு பூட்டினாங்க. மே 10 மீரட் பத்தி எரிஞ்சது.

கிளர்ச்சிக்கு நிலம், வரி, சம்பளம், அவத் ராஜ்ஜியத்தைப் பறிச்சதுன்னு நிறைய காரணம் உண்டு. தோட்டா மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல. வைக்கோல் ஏற்கெனவே காஞ்சு கிடந்தது, தீக்குச்சி இதுன்னு சொல்லலாம்.

19/ அந்தத் தீக்குச்சி யார் கையில் ஆயுதமாச்சு தெரியுமா? என்ஃபீல்டை வாங்க மறுத்த சிப்பாய்களில் பெரும்பாலானவங்க கையில் பழைய வழுவழு மஸ்கட். எதிரே வந்த வெள்ளைப் படைகளிடம் என்ஃபீல்டு.

1857 மே மாசம் சென்னையிலிருந்து கப்பலேறிப் போன மதராஸ் ஃப்யூஸிலியர்ஸ் படை அதில் முக்கியமானது. முழுக்க ஐரோப்பியர் படை, தலைவர் ஜேம்ஸ் நீல். ஜூலை 12 ஃபதேபூரில், தங்கள் குண்டு எட்டவே எட்டாத தூரத்திலிருந்து என்ஃபீல்டு குண்டுகள் வந்து விழுந்தப்போ கிளர்ச்சிப்படை நிலைகுலைஞ்சது. அந்த மரையோட வேலை அது.

20/ இந்த நீல்தான் காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கொத்துக் கொத்தா தூக்கிலிட்டவர். செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தார். அவருக்கு நம்ம மவுண்ட் ரோட்டில் சிலை வெச்சாங்க. 1927ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் நடந்து பல இளைஞர்கள் சிறைக்குப் போனாங்க. 1937ல் ராஜாஜி அரசு வந்த பிறகுதான் அந்தச் சிலை தெருவை விட்டுப் போச்சு.

21/ காயத்தைப் பத்தியும் சொல்லணும், அது என் துறை. அந்தக் குண்டு மென்மையான ஈயம், 34 கிராம். எலும்பில் பட்டா நசுங்கி விரிஞ்சு எலும்பைச் சில்லு சில்லா உடைக்கும். துணித்துண்டையும் அழுக்கையும் காயத்துக்குள்ள இழுத்துக்கிட்டு போகும். லிஸ்டர் கிருமிநாசினி அறுவை முறையை வெளியிட்டதே 1867ல்தான். அதுவரைக்கும் கை, காலை வெட்டி எடுக்கிறதுதான் உயிர் காக்கும் வழி. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் ரெண்டு தரப்பும் இதே என்ஃபீல்டையும் இதே வகைக் குண்டையும் பயன்படுத்தின. அங்க கை, கால் இழந்தவங்க ஆயிரக்கணக்கில்.

22/ கிளர்ச்சி அடங்கின பிறகு அரசு என்ன பாடம் கத்துக்கிட்டது?

1858ல் இந்தியச் சிப்பாய்களுக்குன்னே ஒரு புது மாடல் வந்தது. வெளியே பார்த்தா அச்சு அசல் என்ஃபீல்டு. உள்ளே மரையை முழுசா கடைஞ்சு எடுத்துட்டு, விட்டத்தை 0.656 அங்குலமா பெரிசாக்கிட்டாங்க. தூரக் குறித் தகடும் கிடையாது. கடைஞ்சதுல குழல் சுவர் மெலிஞ்சு போனதால அடுத்த வருஷம் தடிமனான குழல் செய்ய வேண்டி வந்தது. அதுலயும் மரை கிடையாது.

ஒரே படை, ஒரே மாதிரி துப்பாக்கி. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று, நம்மாளுக்குச் சுழியம். அவநம்பிக்கையை இரும்பில் கடைஞ்சு கையில கொடுத்தாங்க. அதுக்கப்புறமும் பல பத்தாண்டுகளுக்கு இந்தியப் படைகளுக்கு ஒரு தலைமுறை பழைய ஆயுதம்தான் கொடுக்கறதுன்னு வழக்கமாச்சு.

23/ மரையின் கதை தொடர்ந்தது. 1871ல் வந்த மார்ட்டினி-ஹென்றியில் குண்டு ஒல்லியா நீளமா ஆச்சு. அதனால 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தோட்டாவும் உலோக உறைக்கு மாறி, குழலின் பின்பக்கமா போட ஆரம்பிச்சாங்க. கடிக்கிற வேலையே இல்லை.

இன்னைக்கும் நம்ம திருவள்ளூர் மாவட்டம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வர்ற அர்ஜுன் டாங்கிப் பீரங்கிக்கு மரை உண்டு, அதே ஆவடியிலிருந்து வர்ற டி-90-க்கு வழுவழுக் குழல். அதன் குண்டு அம்பு மாதிரி ரொம்ப நீளம். அவ்வளவு நீளத்தைச் சுழற்சியால் நிறுத்த முடியாதுன்னு வாலில் இறக்கை வெச்சுட்டாங்க. நார்டன் பார்த்த ஊதுகுழல் அம்பு ஞாபகம் வருதா?

24/ சரி, மருத்துவம்.

"சார், இந்த கேப்ஸ்யூல்ல மாட்டுக் கொழுப்பு இருக்காமே?"ன்னு கேட்கிற நோயாளிகள் எல்லா மருத்துவருக்கும் உண்டு. உறையில் இருக்கிறது கொழுப்பு இல்லை. ஆனா பெரும்பாலான கேப்ஸ்யூல் உறை ஜெலட்டின். அது மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிறது. தாவரப் பொருளில் செய்த உறையும் இருக்கு. ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருது. இன்சுலின் முன்னாடி மாடு, பன்றியிலிருந்து எடுத்தாங்க, இப்ப பெரும்பாலும் ஆய்வக முறையில் செய்யற மனித இன்சுலின்.

இதைக் கேட்கிறவரை 'படிக்காதவர்'னு சிரிச்சு அனுப்புறது சுலபம். 1857ல் பல அதிகாரிகள் செஞ்சதும் அதுதான்.

25/ 2017ல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டப்போ வாட்ஸாப்பில் எவ்வளவு வதந்தி பரவுச்சுன்னு ஞாபகம் இருக்கும். அந்த ஊசி பாதுகாப்பானது, அவசியமானது. ஆனா வதந்தி வந்த பிறகு விளக்கம் சொல்லி ஓடுறது, மீரட்ல பழைய தோட்டாவைக் காட்டி 'இது பழசுதான்'னு சொன்ன மாதிரி. முன்னாடியே சொல்லியிருந்தா அதன் எடையே வேற.

அதனால ரெண்டு வேண்டுகோள். என் சக மருத்துவர்களுக்கு: நோயாளி கேட்கும் முன்னாடியே உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிடுங்க. தெரியலைன்னா 'பார்த்துச் சொல்றேன்'னு சொல்லிப் பார்த்துச் சொல்லுங்க.

உங்களுக்கு: சந்தேகம் வந்தா மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. கூச்சப்படாம வந்து கேளுங்க. பல மருந்துக்கு மாற்று உண்டு. மாற்று இல்லாத இடத்துல ஏன் இல்லைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, வேணுமா வேண்டாமான்னு முடிவு எடுக்கிற உரிமை உங்களோடது.

லேத் வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, 78 அங்குல பிட்ச்ல 39 அங்குலக் குழலுக்குள்ள மரை எப்படி வெட்டுவீங்கன்னு கீழே எழுதுங்க. எனக்கு அதைத் தெரிஞ்சுக்க ஆசை.